சீமாட்டிக்குப் பிடிக்காத பக்கம்

திங்கள், 15 ஒக்டோபர் 2007

மழை. புதுக் கொப்பி. பழையது போன கிழமையோடு நிரம்பிவிட்டது. புதுக் கொப்பி என்றால் முதல் பக்கத்தில் வடிவான கையெழுத்து, ஆட்களை ஒழுங்காக அறிமுகப்படுத்தும் மரியாதை எல்லாம் வரும். வெள்ளிக்கிழமைக்குள் கோழி கிளறியது போல் ஆகிவிடும்.

காலையில் கையுறை ஒன்றைக் காணோம். மகள் ஆரணி, எங்களுக்கு ஆரு, சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் விட்டுவிட்டு ஓடிவிட்டாள். இவர் பஸ் ஓட்டப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

வேலையில், சீமாட்டி மறுபடியும். தானாக வரவில்லை, இன்னொரு எஞ்சின் இழுத்துக்கொண்டு வந்தது. எங்கள் பணிமனையில் பராமரிக்கும் ஐந்து டீசல் சரக்கு எஞ்சின்களில் இவள் நாலாம் இலக்கம். சீமாட்டி என்று பெயர் வைத்தது சாரதி ஹென்ரிக். நினைத்த இடத்தில் நிற்பாள், காரணம் சொல்லமாட்டாள், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரிக் கிளம்புவாள். நின்ற இடம் வழக்கம்போலக் காட்டுப் பாதை. மின்கம்பி இல்லாத தடம், மரம் ஏற்றும் பெட்டிகள். அங்கே டீசல் நின்றால் எல்லாமே நின்றது.

பயிற்சிக்கு வந்த புதியவர்களுக்கு இன்று நான்தான் விளக்கம் சொன்னேன். வழியில் நிற்காமல் ஓடினால் அது நம்பகம். கேட்ட நேரத்தில் ஓடக் கிடைத்தால் அது தயார்நிலை. இரண்டும் வேறு. பணிமனைக்குள் படுத்திருக்கும் எஞ்சின் வழியில் நிற்பதே இல்லை. நம்பகம் முழுசு, தயார்நிலை பூச்சியம். சீமாட்டிக்கு இப்போது இரண்டும் இல்லை.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவருடைய நினைப்பு வந்து சிரிப்பு. இவரின் நம்பகத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. தயார்நிலைதான். பஸ் முடிந்தால் கோயில் நிர்வாக சபை, அது முடிந்தால் யாருக்கோ வீடு மாற்ற சோபா தூக்கப் போய்விடுவார். வீட்டு பல்ப் மூன்று கிழமையாகக் காத்திருக்கிறது. மின் வேலைக்காரி நான் இருக்கிற வீட்டில்!

பின்னேரம் மேற்பார்வையாளர் ஸ்டெய்னர் எங்கள் மின் பிரிவு ஆட்களைக் கூப்பிட்டார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இல்லை. எஞ்சின்களின் உரிமையாளர் கம்பனி இனிப் பொறுக்காதாம். அடுத்த திங்கள் சீமாட்டிக்கு ஒரு பரீட்சை ஓட்டம். கல் ஏற்றிய பெட்டிகளோடு காட்டுப் பாதையில் போய்த் திரும்ப வேண்டும். வழியில் நின்றால் ஐந்து எஞ்சின்களும் சுவீடனுக்கு.

ஐந்தும் போனால் இங்கே எங்களுக்கு வேலை இல்லை. "உனக்கு துரொண்ட்ஹைம் பணிமனையில் இடம் இருக்கிறது" என்றார் ஆறுதலாக. துரொண்ட்ஹைம்! ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஒரு பகல் போய்விடும்.

எனக்குப் போக விருப்பமில்லை. எழுதியே வைக்கிறேன். எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் பல்கனியிலிருந்து காடு தெரியும். ஆருவின் சிநேகிதிகள் மூன்று பேரும் இதே கட்டடம். எனக்கு இந்தப் பணிமனையின் எண்ணெய் மணமே பிடிக்கும், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இரவுச் சாப்பாடு: புட்டு, நேற்றைய கறி. இவரிடம் துரொண்ட்ஹைம் கதையைச் சொன்னேன்.

"ஓ" என்றார். பிறகு, "கறி இண்டைக்குத்தான் நல்லா ஊறியிருக்கு" என்றார்.

செவ்வாய், 16 ஒக்.

மழை விட்டுவிட்டது. கையுறை கிடைக்கவில்லை.

சென்னையிலிருந்து பாலாஜி வந்து சேர்ந்தார். எஞ்சினின் கணினியைச் செய்த கம்பனி அனுப்பிய பொறியியலாளர். முப்பது வயது இருக்கும். ஜாக்கெட்டுக்குள் இன்னொரு ஜாக்கெட், அதற்கு மேல் மஃப்ளர். பக்கத்தில் ஹென்ரிக் அரைக்கைச் சட்டையோடு நின்று அவரை இரக்கத்தோடு பார்த்தான்.

"நீங்க தமிழா மேடம்? மெயில்ல வதனின்னு பேரைப் பார்த்தப்பவே நெனச்சேன்."

"ஓம், யாழ்ப்பாணம். மேடம் எண்டு சொல்லாதேங்கோ, இஞ்சை எல்லாரும் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறது."

"பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராதே. அக்கான்னு கூப்பிடட்டுமா?"

கூப்பிடட்டும். இந்தப் பணிமனையில் என்னை அக்கா என்று கூப்பிடும் முதல் ஆள்.

சீமாட்டியின் கணினி நினைவில் ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்: தண்ணீர் குறைவு, மோட்டர் நிறுத்தப்பட்டது. எஞ்சினுக்குள் இருக்கும் டீசல் மோட்டரைக் குளிர வைக்கும் தண்ணீர். தொட்டியைத் திறந்தால் கழுத்துவரை தண்ணீர். தண்ணீர் அளவைப் பார்க்கும் சென்சரைப் போன மாதமே இரவு வேலை ஆட்கள் மாற்றிவிட்டார்கள். வயரும் மாற்றியாயிற்று. இன்று நானும் பாலாஜியும் யார்டில் பின்னேரம் முழுக்க ஓட்டினோம். பூனைக்குட்டி மாதிரி ஓடினாள். அறிக்கையில் பழைய வசனம்: கோளாறு எதுவும் காணப்படவில்லை. அந்த வசனத்தை எழுதும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

என் எண்ணம், மோட்டருக்கு ஒரு வருத்தமும் இல்லை. உனக்கு வருத்தம் என்று யாரோ காதில் சொல்கிறார்கள், அது நம்பிப் போய்ப் படுத்துவிடுகிறது. திராமனில் இருக்கும் என் பெரியப்பா இதே ரகம்.

மதியம் பாலாஜிக்கு இங்கத்தைய மண்ணிறப் பாற்கட்டி கொடுத்தார்கள். ஒரு கடி கடித்துவிட்டு என்னிடம் மெதுவாக, "அக்கா, இது சீஸா, ஸ்வீட்டா?"

"ரெண்டும்தான். பழகிடும்."

பழகாது போலத் தெரிகிறது. நாளைக்கு இடியப்பமும் சொதியும் கொண்டுபோக வேண்டும். ஆள் சைவம்.

புதன், 17 ஒக்.

வெயில்! ஐந்து பாகை, ஆனாலும் வெயில்.

ட்வெய்ட்டாவில் இறங்கி வாங்கியது: அவல், கடலை, தேங்காய், கற்பூரம், பல்ப். பல்பை நானே மாட்டினேன். இவர் கவனிக்கவே இல்லை.

நவராத்திரி நாட்கள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் வாணி விழா, ஆருவின் பேச்சு. ஒன்பது வயதுக்குப் பெரிய பேச்சு.

"அம்மா, இதில பாதி எனக்கு விளங்கேல்லை."

"எந்த இடம்?"

"முழு ஸ்துக்கும்."

"தமிழில துண்டு எண்டு சொல்லு. விளங்காத இடத்தில நிக்காமல் சொல்லிக்கொண்டு போ. நிண்டால்தான் ஆக்களுக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு. நாள் முழுக்க நிற்கிற எஞ்சினோடு கிடந்துவிட்டு வந்தவளின் புத்திமதி.

பாலாஜி சொதியை ரசித்துக் குடித்தார். இதற்கு ஏன் பெயர் சொதி என்று கேட்டார். எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் கொலு வைப்பீர்களா என்றார். கும்பம்தான் வைப்போம் என்றேன். "அப்ப பொம்மை?" என்றபோது முகத்தில் உண்மையான கவலை.

சீமாட்டி: இன்றும் பூனைக்குட்டி.

வியாழன், 18 ஒக்.

முகில். காற்று. யார்ட் முழுக்க பேர்ச் மரத்து மஞ்சள் இலை, தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டு. வழுக்கும் காலம்.

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

மதியம் சாப்பாட்டறை. ஹென்ரிக் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். பாலாஜிக்காக நான் அவன் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹென்ரிக்கின் கதை எப்போதும் இடுப்புத்தான்.

"சீமாட்டியின் பீ அறை இருக்கை என் இடுப்பை முறித்துவிட்டது. அவள் செத்துக் கிடக்க, உதவி எஞ்சின் வரும்வரை அதில் குந்தியிருக்க வேண்டும்."

எஞ்சினின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு சாரதி அறை. ஏ, பீ. போகும் திசையைப் பொறுத்து முன்னால் இருக்கும் அறையில் சாரதி உட்காருவான். ஏ அறை இருக்கை நல்லது என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஏ அறையில் இருக்கும்போது நின்றால் இடுப்புக்குச் சுகமாக இருக்குமே" என்றேன், பகிடியாக.

"ஏயில் இருக்கும்போது அவள் நின்றதே இல்லையே."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லை. எத்தனை தரம் சொன்னேன், அவள் நிற்கும்போதெல்லாம் அந்தக் கேடுகெட்ட இருக்கையில்தான் இருக்கிறேன் என்று. நீங்கள் இருக்கையை மாற்றித் தந்தீர்கள்."

உண்மை. மாற்றித் தந்தோம். இரண்டு தரம்.

பாலாஜிக்குத் தமிழில் சொன்னேன். மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் மடிக்கணினியைச் செருகும் இடம் ஏ அறையில். ஆகவே பரிசோதிக்கும் எல்லாரும் ஏ அறையில்தான் உட்காருவோம், ஏ பார்க்கும் பக்கமாகத்தான் ஓட்டுவோம், அதுவும் யார்டின் சமதளத்தில். பீ பக்கம் முன்னால் வைத்து இறக்கத்தில் இவளை யாருமே பரிசோதித்ததில்லை. நானும்தான்.

"அக்கா, டேங்க்ல சென்சர் எங்க இருக்கு?"

"நடுவில."

"பாத்தீங்களா?"

"வரைபடத்தில நடுவில."

காப்பியை அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சென்சரை மறைத்திருந்த மூடியைக் கழற்றினோம். சென்சர் நடுவில் இல்லை. ஏ பக்க ஓரத்தில். பக்கத்தில் நின்ற இரண்டாம் இலக்கத்தையும் கழற்றிப் பார்த்தோம். அதில் நடுவில்.

ஸ்டெய்னரைக் கூட்டிவந்தோம். குனிந்து பார்த்தார். பிறகு, "மூஸ்" என்றார். போன குளிர்காலம் சீமாட்டி காட்டில் ஒரு மூஸோடு, குதிரையை விடப் பெரிய காட்டு மானோடு, மோதித் தொட்டி நசுங்கியது. வேறொரு வகை எஞ்சினுக்குச் செய்த தொட்டி கையில் இருந்தது, அளவு சரி, பொருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நிற்கத் தொடங்கினாள். மூஸ் மோதியதால் எங்கோ அதிர்ந்திருக்கும் என்றுதான் இவ்வளவு காலமும் வயர் வயராகத் தேடினோம்.

பீ பக்கம் முன்னால், இறக்கம், பிரேக் பிடித்தால் தண்ணீர் முழுக்க முன்னுக்கு ஓடும். ஏ ஓரத்தில் இருக்கும் சென்சருக்கு ஒரு கணம் தண்ணீர் இல்லை. கணினி உடனே மோட்டரை நிறுத்திவிடும். பஸ்ஸில் பிரேக் பிடித்தால் நிற்கிறவர்கள் முன்னுக்குச் சாய்கிற மாதிரி. இவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

இது இன்னும் எண்ணம்தான். நாளைக்குப் பார்க்க வேண்டும். ஆனால் வீடு வரும்வரை ரயிலில் எனக்குச் சிரித்த முகம். எதிரில் இருந்த கிழவி பதிலுக்குச் சிரித்தாள். தெரியாத ஆளைப் பார்த்து யாரும் சிரிக்காத ஒஸ்லோவில்!

வெள்ளி, 19 ஒக்.

சாரல்.

யார்டின் வடக்குப் பக்கம் ஓர் இறக்கம் உண்டு. பீ அறை முன்னால், ஹென்ரிக் பீ அறையில், நான் பின்னால் ஏ அறையில் கணினியோடு. முதல் தரம் ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் தண்ணீர் குறைவு விளக்கு மினுங்கியது. மூன்றாம் தரம் ஹென்ரிக் கொஞ்சம் கோபமாகப் பிரேக் பிடித்தான். மோட்டர் செத்தது. முழு அமைதி.

நான் கைதட்டினேன். கீழே நின்ற பாலாஜி இரண்டு ஜாக்கெட்டோடு துள்ளினார். எஞ்சின் நின்றதற்கு இந்த ஆட்கள் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று பக்கத்துத் தடத்து வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தீர்வு: சரியான தொட்டி வரக் கிழமைகள் ஆகும். அதுவரை கணினி சில நொடி பொறுத்துப் பார்த்து நம்பட்டும். அலை என்றால் தண்ணீர் திரும்பி வரும். உண்மையாகவே குறைந்திருந்தால் திரும்பாது, அப்போது நிறுத்தட்டும். பாலாஜி அதை மதியத்துக்குள் எழுதிவிட்டார். ஆனால் எஞ்சினில் ஏற்றச் சென்னை அலுவலகம் சம்மதிக்க வேண்டும்.

பாலாஜி தொலைபேசியில்: "சார், ப்ளீஸ் சார்... இல்ல சார், திங்கக்கிழமை ட்ரையல் சார்..." வைத்துவிட்டுத் தலையில் கை. "ஆயுத பூஜை லீவு அக்கா. அப்ரூவ் பண்ற மேனேஜர் ஊருக்கு பஸ் ஏறிட்டார். டவர் இல்ல."

ஸ்டெய்னருக்கு விளக்கினேன். ஆயுதங்களுக்கும் கருவிகளுக்கும் ஓய்வு கொடுத்து வணங்கும் நாள், அதனால் அலுவலகம் பூட்டு என்று. யோசித்தார். "இங்கே ஈஸ்டருக்கு எல்லாரும் மலைக்குப் போவது போல" என்றார். ஓம், அப்படித்தான்.

சனி, 20 ஒக்.

காலையில் புல்லில் வெள்ளை உறைபனி. பத்து மணிக்குக் காணாமல் போய்விட்டது.

வாணி விழா. ஆரு நிற்கவில்லை! விளங்காத இடங்களில் இன்னும் வேகமாகப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் வீடியோ எடுத்தார், பாதி நேரம் எடுத்தது முன்வரிசைக்காரரின் தலையை.

பாலாஜியையும் கூட்டிப் போனோம். வேட்டி, அதற்குள் நீளக் காற்சட்டை, அதற்கு மேல் அந்த ஜாக்கெட். அவல், கடலை, வடை எல்லாம் நன்றாகச் சாப்பிட்டார். ஆருவின் தமிழையும் அவருடைய தமிழையும் ஒருவருக்கொருவர் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கடைசியில் இருவரும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள்.

"அக்கா, எங்க ஆபீஸ்ல நேத்து பூட்டறதுக்கு முன்னாடி சர்வருக்கே பொட்டு வெச்சிருப்பாங்க. நம்ம சீமாட்டிக்கு ஒண்ணும் பண்ணலையே."

"திங்கள் வெளிக்கிட முதல் ஒரு பொட்டு வைப்பம்."

இவருக்கு இந்தக் கதை பிடித்துவிட்டது. "தேசிக்காய்?" என்றார். எலுமிச்சம்பழம் என்று பாலாஜிக்கு மொழிபெயர்த்தேன். எங்கள் கார் வாங்கியபோது டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தவர். அந்தக் கார் இன்றுவரை நின்றதில்லை என்பது அவருடைய சாட்சி.

"ரயிலுக்கு அதெல்லாம் வேண்டாம்" என்றேன்.

ஞாயிறு, 21 ஒக். விஜயதசமி.

ஆருவைக் கொண்டு அ எழுத வைத்துத் தொடக்கம். அவளுக்குச் சலிப்பு, ஆனால் எழுதினாள். நானும் எழுதினேன்.

சென்னை மானேஜர் டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்துவிட்டார். சம்மதம். பாலாஜி ஹோட்டலிலிருந்து கூப்பிட்டுச் சத்தமே போட்டார். நாளை காலைதான் ஏற்றலாம். ஏற்றிவிட்டு நேரே பரீட்சை ஓட்டம். ஒத்திகை இல்லை.

பின்னேரம் ஆருவின் அறைக்குப் போனேன். சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் கழற்றி ஒரு பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"நாங்கள் துரொண்ட்ஹைம் போறதெண்டால் கிழியாமல் இப்பவே எடுக்கிறன். நீங்கள் அப்பாவோட கதைச்சது கேட்டது."

"இன்னும் ஒண்டும் முடிவில்லை."

"ஓம். ஆனால் கடைசி நேரத்தில எடுத்தால் கிழிஞ்சிடும்."

அழவில்லை அவள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குசினிக்குப் போய் இவரிடம் சொன்னேன். எனக்குப் போக விருப்பமில்லை, பிள்ளையும் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள், நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லை, போன திங்கள் கறியைப் பற்றித்தான் சொன்னீர்கள் என்று. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "இஞ்சேரும், நாளைக்கு முதல் உம்மடை எஞ்சின் ஓடட்டும்" என்றார். பிறகு கோயில் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

எரிச்சலோடு உடுப்பு மடித்தேன். கையுறை கிடைத்தது, சலவை இயந்திரத்துக்குப் பின்னால்.

திங்கள், 22 ஒக்.

சாரல், மூன்று பாகை, இலை, வழுக்கல். எழுதக் கை இன்னும் சூடாகவில்லை.

காலையில் பாலாஜி புது மென்பொருளை ஏற்றினார். உரிமையாளர் கம்பனியிலிருந்து இங்வில்ட் என்ற பெண் வந்திருந்தாள். பாதுகாப்புச் சப்பாத்துப் புதிது, பேச்சுக் குறைவு. நிற்காமல் ஓடினால் மட்டும் போதாது, வெளிக்கிட்டது முதல் திரும்பும்வரை எந்தக் கோளாறும் பதியவும் கூடாது என்று சொன்னாள்.

அவள் ஸ்டெய்னரோடு காப்பிக்குப் போனபோது பாலாஜியும் நானும் சீமாட்டியின் பீ பக்க முகத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். சிவப்பு எஞ்சினில் குங்குமம் தெரியவே இல்லை, அதனால் இன்னும் கொஞ்சம். கற்பூரம் கொளுத்த விதி இடம் கொடாது. பைக்குள் கைவிட்டால் இரண்டு தேசிக்காய். இவருடைய வேலை! வேண்டாம் என்று சொன்னேன்தான். ஆனால் கையில் வந்துவிட்டதே. இடப்பக்கத் தண்டவாளத்தில், முன் சக்கரத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு ஒன்று.

எனக்குத் தெரியாதது, அதே நேரம் வலப்பக்கம் பாலாஜி குந்தியிருந்து தன்னுடைய இரண்டை வைத்துக்கொண்டிருந்தார்.

ஹென்ரிக் பீ அறையில் ஏறினான், நானும் கூட. பின்னால் கல் ஏற்றிய பெட்டிகள். மெதுவாக இழுத்தான். ஒரு சத்தம், சக்கரங்கள் சுழன்றன, நகரவில்லை. கணினி தானாகவே இழுவையைக் குறைத்து மணலைத் தூவியது. திரையில் மஞ்சள் எழுத்து: சக்கர வழுக்கல். சீமாட்டி ஒரு குலுக்கலோடு நின்று, பிறகு அசைந்தாள். "நிறுத்து" என்று கீழிருந்து இங்வில்ட் கை காட்டினாள்.

இறங்கிப் போனேன். ஈரத் தண்டவாளத்தில் இலைக்கூழோடு தேசிக்காய்க் கூழ். நான்கு சக்கரத்திலும். நான்கு? பாலாஜியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருடைய முகம் அவல் மாதிரி வெள்ளை.

ஸ்டெய்னர் குனிந்து ஒரு விதையை எடுத்தார். மணந்து பார்த்தார்.

"இது என்ன?"

கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். பிறகு சொன்னேன். எங்கள் ஆட்கள் புதிதாக வண்டி எடுக்கும்போது, நல்ல பயணத்துக்கு, சக்கரத்துக்குக் கீழே வைப்பது. கார் என்றால் ரப்பர் டயர், ஒன்றும் செய்யாது. தண்டவாளத்தை யோசிக்கவில்லை. அவர் இரண்டு வைத்தார், நான் இரண்டு வைத்தேன், ஒருவருக்கொருவர் தெரியாது.

சொல்லும்போதே துரொண்ட்ஹைம் பணிமனை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. ஒரு பழத்தால்.

இங்வில்ட் குறிப்பேட்டில் எழுதப்போன பேனாவை நிறுத்தினாள். "வழுக்கியதும் கணினி என்ன செய்தது?"

"இழுவையைக் குறைத்தது. மணல் தூவியது. பிடி கிடைத்ததும் கிளம்பியது" என்றேன்.

"அப்படியானால் அதுதானே அது செய்யவேண்டிய வேலை. ஒக்டோபரில் எல்லா எஞ்சினும் வழுக்கும்." பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். "இலை என்று எழுதுகிறேன். தண்டவாளத்தைத் துடையுங்கள்."

பாலாஜியும் நானும் முழங்காலில் நின்று துடைத்தோம். சந்தனப் பொட்டை யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

பிறகு காட்டுப் பாதை. மழை, ஊசியிலை மரங்கள், மோட்டரின் ஒரே சீரான சத்தம். ஹென்ரிக் இடுப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, அதிலேயே அவனுக்கும் பயம் என்று தெரிந்தது. வழக்கமாக நிற்கிற நீள இறக்கம் வந்தது. வளைவு. பிரேக் பிடித்தான். தண்ணீர் விளக்கு எரிந்தது.

எரிந்தபடியே இருந்தது. நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் எரிந்தது. மோட்டர் இன்னும் ஓடியது. விளக்கு அணைந்தது.

"ஹ்ம்" என்றான் ஹென்ரிக். நான் அழுதுவிட்டேன். மழையைப் பார்க்கிற மாதிரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் தன் காப்பிக் குடுவையை என் பக்கம் தள்ளினான்.

திரும்பி வந்தோம். நிற்கவே இல்லை. இங்வில்ட் எல்லாருக்கும் கை கொடுத்தாள், ஸ்டெய்னருக்கு இரண்டு தரம். ஐந்தும் ஒஸ்லோவிலேயே இருக்கும். பாலாஜியின் கண்ணாடி முழுக்க நீராவி. "அக்கா, எலுமிச்சம்பழம் வேலை செஞ்சுடுச்சு பாத்தீங்களா?" அடிக்கக் கை ஓங்கினேன்.

செவ்வாய், 23 ஒக்.

வெயில், குளிர்.

பணிமனை வாசலில் ஸ்டெய்னர் தாளில் எழுதி ஒட்டிய புது விதி: தண்டவாளத்தில் பழங்கள் வைக்கலாகாது. கீழே ஹென்ரிக் பேனாவால்: மூஸும்.

இரண்டாம் இலக்கம் காலையில் வழியில் நின்றுவிட்டதாம். தொலைபேசியில் நான் முதலில் கேட்டது, எந்த அறையில் இருந்தாய் என்றுதான். இது வேறு கோளாறு, வெறும் டீசல் வடிகட்டி. மதியத்துக்குள் அனுப்பிவிட்டோம்.

பாலாஜிக்கு நாளை விமானம். சொதிக்கு எப்படி என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஆரு படங்களைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தாள். பழைய இடத்தில் இல்லை, "இப்பதான் நல்ல லைட்" என்று யன்னல் பக்கம். நான் ஒட்டும் நாடா வெட்டிக் கொடுத்தேன்.

இவர் இன்று வீட்டில். கூட்டமும் இல்லை, சோபாவும் இல்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது, இவர் எடுத்தார். நோர்வேஜிய மொழியில் மரியாதையாக. துரொண்ட்ஹைம் என்று காதில் விழுந்தது. கேத்தலை வைத்துவிட்டு நின்றேன்.

"ஓம், போன செவ்வாய் நான்தான் கேட்டனான், உங்கடை பஸ்ஸில சாரதி இடம் இருக்கோ எண்டு" என்கிற அர்த்தத்தில் என்னவோ சொன்னார். பிறகு கொஞ்சம் கேட்டார். பிறகு, "வலு சந்தோசம், ஆனால் இனித் தேவையில்லை. என்ரை மனுசியின்ரை எஞ்சின் ஓடத் தொடங்கீட்டுது."

வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்து மேலே பார்த்தார்.

"பல்ப் மாத்தினனீரோ?"